கார்பிமசோல் சாப்பிடுபவருக்குத் தொண்டை வலி வந்தால் ரத்தப் பரிசோதனை எதற்கு?

“அம்மாவுக்கு ஹைப்பர் தைராய்டு (தைராய்டு மிகையாகச் சுரப்பது). கார்பிமசோல் தொடங்கி 5 வாரம் ஆகிறது. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு ரத்தம் பார்க்கச் சொல்கிறார் டாக்டர். சாதாரணத் தொண்டை வலிக்கு இதெல்லாம் தேவையா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேவை. அதுவும் அன்றைக்கே.

வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் என்றொரு வகை உண்டு. பாக்டீரியா நுழைந்ததும் முதலில் ஓடிப்போய் விழுங்குவது அதுதான். மிகச் சிலருக்கு, தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோலின் சிதைவுப் பொருள் அந்த அணுவின் மேல் ஒட்டிக்கொள்ள, எதிர்ப்பாற்றல் தன் அணுவையே அந்நியமாக எண்ணி அழித்துவிடுகிறது என்பதுதான் முக்கியமான விளக்கம். எலும்பு மஜ்ஜையில் வளர்ந்துகொண்டிருக்கும் இளம் அணுக்களும் தப்புவதில்லை. இதற்கு அக்ரானுலோசைட்டோசிஸ் என்று பெயர். ஏறத்தாழ 1,000 பேரில் 2 முதல் 5 பேருக்கு வரும். பெரும்பாலும் முதல் 3 மாதத்துக்குள். நிறுத்திய மருந்தைப் பிறகு மறுபடி தொடங்கினாலும் அதே கவனம் வேண்டும்.

மாதாமாதம் டெஸ்ட் எடுத்தால் போதாதா என்றால், போதாது. போன வாரம் சரியாக இருந்த எண்ணிக்கை இந்த வாரம் சரிந்திருக்கலாம். அதனால் உடம்பு காட்டும் அறிகுறியைத்தான் நம்ப வேண்டும்: காய்ச்சல், எச்சில் விழுங்க முடியாத வலி, வாய்ப்புண், குளிர் நடுக்கம். சீழ் என்பதே பெரும்பாலும் இறந்த நியூட்ரோஃபில்தான். அணுவே இல்லாதபோது சீழ் வைக்காது. தொண்டை பார்க்கச் சுமாராகத் தெரியும், உள்ளே தொற்று பரவிக்கொண்டிருக்கும்.

எடுக்க வேண்டியது சி.பி.சி. (ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை), டிஃபரன்ஷியல் கவுண்ட்டோடு (வெள்ளையணுவில் எந்த வகை எத்தனை சதவீதம் என்ற கணக்கு). மொத்த வெள்ளையணு எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். மொத்தம் 3,800, நியூட்ரோஃபில் 12% என்று ரிப்போர்ட் வந்தால், 3,800-ஐ 12-ஆல் பெருக்கி 100-ஆல் வகுங்கள்: 456. மொத்தம் கொஞ்சம்தான் குறைந்த மாதிரி இருந்தாலும், நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே போய்விட்டதால் இது அவசர நிலை. 1,500-க்குக் கீழே இருந்தாலே டாக்டரிடம் உடனே பேச வேண்டும். தைராய்டு மிகையாலேயே சிலருக்கு வெள்ளையணு லேசாகக் குறைந்திருக்கும் என்பதால், மருந்து தொடங்கும் முன் எடுத்த ரிப்போர்ட்டையும் பத்திரமாக வையுங்கள்.

அதிகம் தவறு நடப்பது இரண்டு இடத்தில். ஒன்று, பாரசிட்டமால் போட்டுக் காய்ச்சலை அமுக்கிவிட்டு இரண்டு நாள் காத்திருப்பது. இன்னொன்று, கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துக்கொண்டே கார்பிமசோலையும் தொடர்வது. ரிப்போர்ட் வரும்வரை ஒருநாள் நிறுத்துவதால் தைராய்டு எகிறிவிடாது.

உறுதியானால் மருத்துவமனையில் சேர்த்து, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். மஜ்ஜையைத் தூண்ட ஃபில்கிராஸ்டிம் ஊசியும் போடுவதுண்டு. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அணுக்கள் திரும்பும். அதன்பின் கார்பிமசோலை வாழ்நாளில் தொடக்கூடாது. பதிலாக, தைராய்டைக் குறைக்கும் இன்னொரு மாத்திரையான புரொபைல்தையோயுராசிலும் வேண்டாம். அதுவும் இதேபோல் நியூட்ரோஃபிலை அழிக்கலாம். ரேடியோ அயோடின் அல்லது அறுவை சிகிச்சைதான் வழி.

ஒன்று சொல்ல வேண்டும். தைராய்டு குறைவுக்குக் காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடும் தைராக்சினுக்கு இந்த ஆபத்து கிடையாது. இரண்டையும் நாம் “தைராய்டு மாத்திரை” என்றே சொல்கிறோம். அவசரப் பிரிவில் அப்படிச் சொன்னால் தைராக்சின் என்றே நினைத்துக்கொள்ளக்கூடும். வாயால் சொல்லாமல் மாத்திரை அட்டையையே காட்டுங்கள்.