நாலாவது டிஸ்க்கை முதலில் போடுங்கள்: வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘மங்க்’ தொடரின் கடைசி சீசனைப் பற்றியவை. அதனால் மற்றவற்றைத் தள்ளி வைத்துவிட்டேன். தொடரை அறியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். அமெரிக்காவின் யு.எஸ்.ஏ. நெட்வொர்க் சேனலில் 2002 ஜூலை முதல் 2009 டிசம்பர் 4 வரை 8 சீசன், 125 எபிசோட் ஓடிய நகைச்சுவைத் துப்பறியும் தொடர் இது. டோனி ஷலூப் நடித்த ஏட்ரியன் மங்க், சான் பிரான்சிஸ்கோவின் முன்னாள் போலீஸ் துப்பறிவாளர். கிருமிக்குப் பயம், உயரத்துக்குப் பயம், பாலைக் கண்டாலும் பயம். ஊரில் நடக்கும் கொலைகளையெல்லாம் துப்புத் துலக்குபவருக்கு, கார் குண்டில் இறந்த தன் மனைவி ட்ரூடியைக் கொன்றது யார் என்பது மட்டும் பிடிபடவில்லை. கடைசி இரண்டு எபிசோடில்தான் அதற்கு விடை கிடைக்கிறது. அந்த விடையை இங்கே சொல்ல மாட்டேன். கடிதங்களில் அதை எழுதியிருந்தவர்களின் வரிகளையும் வெட்டியிருக்கிறேன். டிவிடியில் அந்த இரண்டு எபிசோடும் எட்டாவது சீசனின் நாலாவது டிஸ்க்கில் இருக்கின்றன. அதனால்தான் டிஸ்க் வந்ததும் அதை முதலில் சோதித்துப் பாருங்கள் என்கிறேன்.

‘முழுத் தொடர்’ என்று போட்டிருந்த செகண்ட் ஹேண்ட் டிவிடி பெட்டியை 60 டாலருக்கு வாங்கினேன். வந்ததில் ஏழு சீசன்தான் இருக்கிறது. கேட்டால், “போட்டோவில் இருந்ததைத்தான் அனுப்பினேன்” என்கிறார் விற்றவர். என் அம்மாவுக்காக வாங்கியது. — ர., டல்லஸ்

உங்கள் மேல் தவறில்லை. ‘முழுத் தொடர்’ என்று தலைப்பில் எழுதிவிட்டு ஏழு சீசனை அனுப்பியவர் ஏமாற்றியிருக்கிறார். போட்டோவைக் காட்டித் தப்பிக்க முடியாது. தலைப்பும் விவரமும் ஒப்பந்தத்தின் பகுதிதான்.

2010-இல் வந்த முழுப் பெட்டியில் 32 டிஸ்க். சீசனுக்கு நாலு. எட்டாவது சீசன் மட்டும் தனியாக 2010 மார்ச்சில் வந்தது: 16 எபிசோட், 4 டிஸ்க். செகண்ட் ஹேண்டில் விற்கப்படும் ‘முழு’ பெட்டிகளில் பல, தனித்தனியாக வாங்கிச் சேர்த்த சீசன்களை ஒரு ரப்பர் பேண்டில் கட்டியவை. கடைசி சீசனைத் தனியாக எடுத்து விற்றுவிட்டு மீதியைக் கட்டுகிறவர்களும் உண்டு. ஆகவே பணம் கட்டும் முன்பே “மொத்தம் எத்தனை டிஸ்க், எட்டாவது சீசனின் நாலாவது டிஸ்க் இருக்கிறதா?” என்று அந்தத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். ஈபேயில் வாங்கியிருந்தால், பொருள் கைக்கு வந்து 30 நாளுக்குள் ரிட்டர்ன் கோருங்கள். காரணத்தில் ‘விவரித்தபடி இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘மனம் மாறிவிட்டது’ என்று தவறி அழுத்தினால் தபால் செலவு உங்கள் தலையில் விழலாம். எல்லா டிஸ்க்கையும் தரையில் பரப்பி ஒரே போட்டோவாக எடுத்து இணையுங்கள். விற்றவர் “தளத்துக்கு வெளியே பேசிக்கொள்வோம், பாதிப் பணம் தருகிறேன்” என்றால் சம்மதிக்காதீர்கள். தளம் கைவிரித்தாலும் கிரெடிட் கார்டு நிறுவனம் இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி, அந்தத் தொகை வந்த பில் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

இங்கிலாந்திலிருந்து எட்டாவது சீசன் டிவிடி வரவழைத்தேன், விலை பாதிதான். இங்கே பிளேயரில் போட்டால் ‘ரீஜன் தவறு’ என்று வருகிறது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தருவாரா? — ச., எடிசன், நியூ ஜெர்சி

தர மாட்டார், தர வேண்டியதும் இல்லை. டிஸ்க் எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதைக் குறிப்பதுதான் ரீஜன். அட்டையின் பின்பக்கம் உலக உருண்டைக்குள் 2 என்று அச்சிட்டிருக்கும். விற்பனைப் பக்கத்திலும் எழுதியிருந்ததாக நீங்களே கடிதத்தில் சொல்கிறீர்கள். படித்துவிட்டு வாங்கியிருக்க வேண்டும்.

டிவிடியில் அமெரிக்காவும் கனடாவும் ரீஜன் 1. இங்கிலாந்து 2. சிங்கப்பூர், மலேசியா 3. ஆஸ்திரேலியா 4. இந்தியா, இலங்கை 5. ப்ளூ-ரேயில் எண் இல்லை, எழுத்துதான்: அமெரிக்கா, சிங்கப்பூர், மலேசியா ‘ஏ’, ஐரோப்பா, ஆஸ்திரேலியா ‘பி’, இந்தியா ‘சி’. டிவிடி பெட்டிக்குப் பொருந்துகிற கணக்கு ப்ளூ-ரே பெட்டிக்குப் பொருந்தாது.

ரீஜன் பூட்டைத் திறந்தாலும் உங்கள் சிக்கல் பாதிதான் தீரும். இங்கிலாந்து டிஸ்க் ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் 576 வரி, நொடிக்கு 25 பிரேம். அமெரிக்க டிஸ்க் என்.டி.எஸ்.சி. முறையில் 480 வரி. அமெரிக்காவில் விற்கும் சாதாரண பிளேயர்களில் பெரும்பாலானவை ‘பால்’ படத்தைக் காட்டாது. ஆகவே பிளேயர் வாங்கினால் ‘ரீஜன் ஃப்ரீ’ என்ற சொல் மட்டும் போதாது, ‘பால்–என்.டி.எஸ்.சி. மாற்றம்’ என்றும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டர் டிரைவில் போடலாமே என்று நினைத்தால், அதன் ரீஜனை ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவதில் எங்கே நிற்கிறதோ அங்கேயே பூட்டிக்கொள்ளும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: ‘பால்’ பதிப்புகள் பெரும்பாலும் 4 சதவீதம் வேகமாக ஓடும். 42 நிமிட எபிசோட் 40 நிமிடம் சொச்சத்தில் முடியும். வசனம் வெட்டப்பட்டுவிட்டது என்று அதற்காக ஒரு புகார் எழுத வேண்டாம்.

முழுப் பெட்டி வாங்கினேன். முதல் சீசனில் பாட்டே இல்லை, வேறு ஏதோ இசை வருகிறது. போலிதானே? புகார் கொடுத்துவிட்டேன். — வி., டொராண்டோ

போலி இல்லை. புகாரை இன்றே திரும்பப் பெறுங்கள். முதல் சீசனின் முகப்பு இசை ஜெஃப் பீல் அமைத்த கிட்டார் இசை. ராண்டி நியூமனின் பாடல் இரண்டாவது சீசனிலிருந்துதான் வந்தது. இரண்டுமே எம்மி விருது பெற்றவை. நேர்மையான ஒரு வியாபாரியின் மேல் பழி போட்டிருக்கிறீர்கள்.

‘புத்தம் புதிது, சீல் பிரிக்காதது’ என்று இணையச் சந்தையில் ரூ. 1,900-க்கு எட்டாவது சீசன் வாங்கினேன். டிஸ்க்கின் அடிப்பக்கம் ஊதா நிறமாக இருக்கிறது. கடைசி எபிசோட் பாதியில் உறைந்து நிற்கிறது. சீலைப் பிரித்துவிட்டதால் ரிட்டர்ன் இல்லை என்கிறார்கள். — மு., கோவை

அது வீட்டில் எழுதிய டிஸ்க். ஆலையில் அச்சிட்ட டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளியாகவோ இளம் பொன்னிறமாகவோ இருக்கும். எழுதும் டிஸ்க்கில் சாயப் படலம் இருப்பதால்தான் ஊதா நிறம். நடுத் துளையைச் சுற்றியுள்ள கண்ணாடி வளையத்தையும் சாய்த்துப் பாருங்கள். அசல் டிஸ்க்கில் பொடி எழுத்தில் ஆலைக் குறியும், ஐ.எஃப்.பி.ஐ. (IFPI) என்று தொடங்கும் எண்ணும் இருக்கும். அட்டையில் ‘எல்லா ரீஜனும்’ என்று போட்டிருந்தால் அதுவும் சந்தேகத்துக்கு உரியது.

ஏன் உறைகிறது? ஒரு டிஸ்க்குக்கு நாலு எபிசோட், அதாவது சுமார் 168 நிமிடம். அசலில் இது இரண்டு அடுக்கு கொண்ட 8.5 ஜி.பி. டிஸ்க்கில் தாராளமாக அடங்கும். போலி செய்பவர் அதை 4.7 ஜி.பி. டிஸ்க்கில் நசுக்குகிறார். இருட்டுக் காட்சிகளில் படம் கட்டம் கட்டமாக உடையும். மலிவான டிஸ்க்கில் வெளி விளிம்புதான் முதலில் கெடும். அங்கே இருப்பது கடைசி எபிசோட். இந்த ரகத்தை நானும் வாங்கிக் கெட்டிருக்கிறேன். நாலாவது டிஸ்க்கை மூன்று மாதம் கழித்துத்தான் போட்டேன், அதற்குள் ரிட்டர்ன் நாள் போய்விட்டது.

உங்களுக்கு இன்னும் வழி இருக்கிறது. இந்தியாவின் 2020 மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விவரித்தபடி இல்லாத பொருளையோ திரும்ப வாங்க விற்பனையாளர் மறுக்க முடியாது. சீல் பிரித்தது அதற்குச் சாக்கு ஆகாது. பிரிக்காமல் அடிப்பக்கத்தை எப்படிப் பார்ப்பது? தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடிப்பக்கம், வளையம், அட்டை மூன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

2023-இல் வந்த ‘மங்க்’ திரைப்படம் முழுப் பெட்டியில் உண்டா? — ஜெ., லண்டன்

2010 பெட்டியில் 2023 படம் இருக்காது. அது பீகாக் ஸ்ட்ரீமிங்குக்காக எடுத்த படம். ‘படத்துடன் முழுத் தொடர்’ என்று யாராவது மலிவாக விற்றால், மேலே கோவைக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் இருந்தபோது எட்டாவது சீசனை டிஜிட்டலாக ‘வாங்கு’ பொத்தானை அழுத்தித்தான் வாங்கினோம், வாடகைக்கு அல்ல. சென்னைக்குக் குடிவந்து கணக்கின் நாட்டை மாற்றியதும் காணாமல் போய்விட்டது. எங்கள் பொருள் எங்கே? — தி., சென்னை

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பல ஆண்டுகளாக நான் திரும்பத் திரும்ப எழுதிவரும் விஷயம் இதுதான். அந்தப் பொத்தானில் ‘வாங்கு’ என்று எழுதியிருந்தாலும் அங்கே விற்பனை எதுவும் நடக்கவில்லை. நீங்கள் பெற்றது பார்ப்பதற்கான ஓர் அனுமதி. அது கடைக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் இடையிலுள்ள ஒப்பந்தத்தைப் பொறுத்தது, உங்கள் கணக்கு எந்த நாட்டில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. ஒப்பந்தம் முடிந்தாலோ நீங்கள் நாடு மாறினாலோ கடை மூடப்பட்டாலோ அனுமதியும் போய்விடும். மளிகைக் கடையில் அரிசி வாங்கி வந்த பிறகு, கடைக்காரர் வீட்டுக்கு வந்து மூட்டையைத் தூக்கிப்போனால் ஊர் சும்மா இருக்குமா?

இது புதிதும் அல்ல. மங்க்கின் கடைசி சீசன் தொடங்கிய அதே 2009 கோடையில், அமேசான் தன் கிண்டில் வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல் நூல்களைத் தொலைவிலிருந்தே அழித்தது. திரைப்படங்களைச் சேர்த்துவைத்த அல்ட்ராவயலட் சேவை 2019 ஜூலையோடு மூடப்பட்டது. 2023 டிசம்பரில் சோனி, வாடிக்கையாளர்கள் வாங்கிவைத்திருந்த டிஸ்கவரி நிகழ்ச்சிகளை நீக்கப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு பின்வாங்கியது.

கலிஃபோர்னியா ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே, உரிமம் மட்டுமே தருகிற டிஜிட்டல் பொருளுக்கு ‘வாங்கு’ என்ற சொல்லைப் போட வேண்டுமானால், ‘இது உரிமம்தான்’ என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். எந்தத் தடையும் இல்லாமல் இறக்கி நிரந்தரமாக வைத்துக்கொள்ளக்கூடியவற்றுக்கு இந்த விதி இல்லை. சட்டம் நல்லதுதான், ஆனால் அறிவிப்போடு நின்றுவிட்டது. எடுத்துக்கொண்டால் பணத்தைத் திருப்பிக் கொடு என்று அது சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியவை: கணக்கின் நாட்டைப் பழையபடி மாற்ற முடிந்தால் சீசன் திரும்ப வரக்கூடும். மாற்றும் முன் கணக்கில் உள்ள மீதத் தொகையையும் சந்தாக்களையும் பாருங்கள். அவை இருந்தால் சில கடைகள் மாற்ற விடாது. வாங்கிய நாளின் ரசீது மின்னஞ்சலைத் தேடி எடுத்து, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். 2025 ஜனவரி 1-இலோ அதற்குப் பிறகோ கலிஃபோர்னியாவில் வாங்கி, அந்த அறிவிப்பு காட்டப்படவில்லை என்றால், மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் பதியலாம். மற்றவர்களுக்கு: உங்களுக்கு நெருக்கமான ஒரு தொடரின் முடிவை அனுமதிச் சீட்டை நம்பி வைக்காதீர்கள். டிஸ்க்காக வாங்குங்கள்.

டிஸ்க்கில் கீறல். டூத் பேஸ்ட் தேய்த்தால் போகும் என்று வீடியோவில் பார்த்துத் தேய்த்தேன். இப்போது ஓடவே இல்லை. — க., பிராம்ப்டன்

தேய்த்திருக்கக் கூடாது. பேஸ்ட்டில் இருப்பது பொடிக் கல். ஒரு கீறலை ஆயிரம் கீறல் ஆக்கிவிடும். ஈர மைக்ரோஃபைபர் துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல. டிவிடியில் தகவல் இரண்டு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவே இருப்பதால், மேலோட்டமான கீறலைக் கடையில் மெருகு இயந்திரத்தில் சரிசெய்யலாம். ப்ளூ-ரேயில் தகவல் மேற்பரப்பிலிருந்து 0.1 மி.மீ. ஆழத்தில்தான் இருக்கிறது. அதை மெருகு போடக் கொடுக்காதீர்கள்.

கடைசி சீசன் மட்டும் வாங்கினால் புரியுமா? — ப., சிங்கப்பூர்

புரியும், ஆனால் வலிக்காது. முதல் சீசனின் தொடக்கக் கதையையாவது முதலில் பாருங்கள். இல்லாவிட்டால், மங்க்கின் பழைய உதவியாளர் ஷரோனா எட்டாவது சீசனின் பத்தாவது எபிசோடில் திரும்பி வரும்போது ஏன் அத்தனை பேர் கண்கலங்கினார்கள் என்று தெரியாமல் போகும்.

டிஸ்க் வந்ததும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறீர்கள். கடைசி டிஸ்க்கைப் போட்டால் கொலைகாரன் யார் என்று தெரிந்துவிடுமே? — அ., சான் ஹோசே

கவனமான கேள்வி. வந்த அன்றே நாலாவது டிஸ்க்கை எடுத்து அடிப்பக்கத்தை விளக்கில் சாய்த்துப் பாருங்கள். மையத்திலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும் கீறல் பெரும்பாலும் தொல்லை தராது. வட்டத்தோடு வளைந்து ஓடும் கீறல்தான் ஆபத்து. அது தொடர்ச்சியான தகவலைத் தின்றுவிடும். பிறகு பிளேயரில் போட்டு, ‘எல்லாவற்றையும் ஓட்டு’ என்று கொடுத்துவிட்டு, டிவியை அணைத்துவிடுங்கள். பிளேயரின் முகப்பில் ஓடும் நேர எண் இருந்தால் அதை அவ்வப்போது பாருங்கள், எங்கும் நிற்கக் கூடாது. எண் காட்டாத பிளேயராக இருந்தால், தொடரில் ஆர்வமில்லாத ஒருவரை உட்கார வைத்து, ஒலியை அடக்கி, கடைசி இரண்டு எபிசோடை மட்டும் சாதாரண வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். வேகமாக ஓட்டினால் பிளேயர் பிரேம்களைத் தாண்டிப் போவதால் பழுது தெரியாது. மெனுவில் ‘சிறப்புக் காட்சிகள்’ பக்கம் போகவே வேண்டாம், தலைப்புகளே கதையைச் சொல்லிவிடக்கூடும். மற்ற மூன்று டிஸ்க்கையும் ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் பார்த்துவிடுங்கள்.