சிப்பிப்பாறைக்கு ஷாக் பட்டை வாங்கலாமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோவில்பட்டி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருக்கிறது. அங்கே ஒரு சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறேன். ஆண், இரண்டு வயது. வீட்டில் பரம சாது. காட்டில் அவிழ்த்துவிட்டால் மட்டும் முயலைக் கண்டதும் பறந்துவிடுகிறான். எவ்வளவு கத்தினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. போன மாதம் மயில் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டான். நல்லவேளை, எதுவும் சிக்கவில்லை. பக்கத்துக் காட்டில் ஆடு மேய்ப்பவரும் குறை சொல்லத் தொடங்கிவிட்டார். ரிமோட்டில் ஷாக் கொடுக்கும் கழுத்துப் பட்டை வாங்கலாம் என்று நினைக்கிறேன். ஆன்லைனில் 300 மீட்டரிலிருந்து 2 கிலோமீட்டர் வரை எட்டுவதாக விதவிதமாகப் போட்டிருக்கிறார்கள். 2 கிலோமீட்டர் எட்டுவதையே வாங்கிவிடலாமா? நான்கு மாதக் குட்டி ஒன்றும் வந்திருக்கிறது. அதற்கு இப்போதே போட்டுப் பழக்கினால் பின்னால் தொல்லை இருக்காது என்கிறார் நண்பர். உங்கள் யோசனை வேண்டும்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நேராகவே சொல்லிவிடுகிறேன். முயலுக்குப் பின்னால் ஓடுகிற சிப்பிப்பாறையைத் திரும்ப அழைப்பதற்காக ஷாக் பட்டை வாங்காதீர்கள். எவ்வளவு தூரம் எட்டினாலும் சரி.

பட்டையின் உட்பக்கம் இரண்டு உலோக முனைகள் தோலைத் தொட்டபடி இருக்கும். நீங்கள் ரிமோட்டை அழுத்தியதும் அந்த இரண்டுக்கும் நடுவே மின்சாரம் பாயும். எதற்காக அது பாய்ந்தது என்பதை நாய்தான் ஊகிக்க வேண்டும். அந்தக் கணத்தில் அது எதைப் பார்த்துக்கொண்டிருந்ததோ, எதை மோந்ததோ, அதோடுதான் வலியைச் சேர்த்து வைக்கும். உங்கள் பையன் முழு வேகத்தில் நொடிக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் போகிறவன். நீங்கள் கத்தி, அவன் கேட்கவில்லை என்று முடிவுசெய்து, பொத்தானைத் தேடி அழுத்துவதற்குள் முயல் புதருக்குள் போயிருக்கும். அவன் ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்தில் நிற்கலாம், ஆடு மேய்க்கிறவருக்குப் பக்கத்திலும் நிற்கலாம். அப்புறம் ஆட்டைக் கண்டால் நடுங்குகிற நாயோ, ஆளைக் கண்டால் உறுமுகிற நாயோதான் மிஞ்சும். முயல் ஆசை அப்படியே இருக்கும்.

ஜெர்மனியில் ஹானோவர் கால்நடைப் பல்கலைக்கழகத்தினர் இதைச் சோதித்துப் பார்த்து 2007-இல் வெளியிட்டார்கள். 14 பீகிள் நாய்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு, ஓடுகிற பொம்மை முயலை வாயால் தொடும் கணத்தில் மட்டும் ஷாக். இரண்டாம் குழுவுக்கு, முயலைத் துரத்தும்போது கூப்பிட்டும் வராவிட்டால் ஷாக். மூன்றாவதற்குக் காரணமே இல்லாமல், நினைத்த நேரத்தில். எச்சிலில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனை அளந்தபோது, முதல் குழுவில் பெரிய உயர்வு இல்லை. காரணமில்லாமல் வாங்கிய நாய்களுக்கு மிக அதிகம். கூப்பிட்டு வராததற்கு வாங்கியவற்றுக்கும் நன்றாகவே ஏறியிருந்தது. கூப்பிட்ட குரலுக்கும் கழுத்தில் விழுந்த வலிக்கும் உள்ள தொடர்பு அவற்றுக்குத் தெளிவாகப் புரியவில்லை. நீங்கள் செய்ய நினைப்பது இந்த இரண்டாவது வகை.

இந்தப் பட்டைக்கு நியாயம் சொல்லக்கூடிய இடம் எனக்குத் தெரிந்து நியூசிலாந்து. 1987-இல் வைடாங்கி காட்டில் ஒற்றை ஜெர்மன் ஷெப்பர்ட் சில வாரங்களில் ஏறக்குறைய 500 கிவிகளைக் கொன்றிருக்கும் என்று கணக்கிட்டார்கள். பறக்கத் தெரியாத பறவை, என்ன செய்யும்? இன்று அங்கே கிவி வாழும் பல அரசுக் காடுகளுக்குள் வேட்டை நாயைக் கொண்டுபோக, கிவியைத் தவிர்க்கும் பயிற்சி பெற்றதற்கான சான்று வேண்டும். செத்த கிவி, இறகு, எச்சம் போன்றவற்றைத் தரையில் வைத்துவிடுவார்கள். நாய் மோந்து பார்க்கும் அதே கணத்தில் பயிற்சியாளர் ஷாக் கொடுப்பார். யாரும் கூப்பிடுவதில்லை, திட்டுவதில்லை. அந்த வாசனை கடித்தது என்று மட்டுமே நாய் நினைக்க வேண்டும். அதுவும் ஒருமுறையோடு முடிவதில்லை, திரும்பவும் சோதிக்கிறார்கள். அங்கே நாய் நிற்கிறது, மூக்குக்கு முன்னால் பொருள் இருக்கிறது. சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடும் நாய். முயல் அதற்கு எங்கோ ஓடும் ஒரு அசைவு. அந்த முறையை இங்கே கொண்டுவர வழியில்லை.

2 கிலோமீட்டர் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் உங்கள் பயம் புரிந்தது. அவன் கண்ணுக்கு மறைந்துவிடுகிறான். அந்தப் பக்கம் நான்குவழிச் சாலை இருக்கிறது, சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் இருக்கின்றன. உங்களுக்குத் தேவை அவன் எங்கே இருக்கிறான் என்று காட்டும் கருவி. சிம் போட்டு போனில் இடம் காட்டும் ஜி.பி.எஸ். பட்டை வாங்குங்கள், உங்கள் காட்டில் சிக்னல் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு. அமெரிக்க வேட்டைக்காரர்கள் கட்டும், பல மைல் எட்டும் ரேடியோ பட்டைகளை வரவழைக்காதீர்கள். அங்கே உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் 151 முதல் 154 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே உரிமம் வேண்டும்.

சட்டத்தையும் மனதில் வையுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் துரத்துவதையும் வேட்டை என்றே சொல்கிறது. மயில் அதன் முதல் அட்டவணையில், அதாவது கடும் பாதுகாப்புக்குரிய விலங்குகளின் பட்டியலில் இருக்கிறது. 'நாய்தானே போனது' என்று வனத்துறையிடம் சொல்லிக்கொண்டு நிற்கும் நிலை உங்களுக்கு வரக்கூடாது.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் அவிழ்த்துவிடுவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு துரத்தலும் அவனுக்குக் கிடைக்கிற பரிசு, ஒவ்வொன்றும் பழக்கத்தை இறுக்குகிறது. பத்து மீட்டர் நீளத்தில் பட்டையான பருத்தி நாடா வாங்குங்கள். நைலான் கயிறு உள்ளங்கையை அறுத்துவிடும். நாடாவைக் கழுத்தில் கட்டாதீர்கள், மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸில் கட்டுங்கள். அந்த வேகத்தில் கயிறு முடிகிற இடத்தில் கழுத்து இழுபட்டால் அவ்வளவுதான். விசில் அடித்ததும் வந்தால் ஒரு துண்டு வேகவைத்த ஈரல். வேறு எதற்கும் ஈரல் கிடையாது. முதலில் வீட்டு முற்றத்தில், பிறகு காட்டில், கடைசியாக முயல் நடமாடும் வரப்பில். அவன் காதை நிமிர்த்தி உடம்பை விறைக்கிற அந்த நொடிக்கு முன்னால் விசில் அடிக்க வேண்டும், ஓடத் தொடங்கிய பிறகு அடித்துப் பயனில்லை. சில மாதங்கள் ஆகும். முழுதாக நம்பி அவிழ்க்கிற நாள் வராமலும் போகலாம். வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த இனம் இது, அவன்மேல் தப்பில்லை.

ஓட்டம் அவனுக்கு வேண்டும், அதை மறுப்பது கொடுமை. சுற்றி வேலி போட்ட ஒரு துண்டு நிலத்தை ஏற்பாடு செய்யுங்கள். நீளக் கம்பில் கயிறு கட்டி, நுனியில் ஒரு துணியை முடிந்து இழுத்து ஓட்டிப் பாருங்கள். துரத்தி, பிடித்து, உதறி அவன் திருப்தியடைவதைப் பார்க்கும்போது உங்களுக்கே சந்தோஷமாக இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு பட்டை வேண்டும் என்றால், அதிர்வு மட்டும் தருவதைப் பாருங்கள். காற்றில் விசில் காதில் விழாதபோது, 'அதிர்ந்தால் ஈரல்' என்று பழக்கிவிடலாம். எடை குறைவாக, தண்ணீர் புகாததாக இருக்கட்டும். குரைத்தால் தானாக ஷாக் அடிக்கும் வகை இதோடு சேர்த்து விற்பார்கள், அது வேண்டவே வேண்டாம். ஷாக் முனைகள் தோலில் அழுந்த வேண்டும் என்பதால் அந்தப் பட்டையை இறுக்கிக் கட்டச் சொல்வார்கள். சிப்பிப்பாறைக்குத் தோல் மெல்லியது, முடி குட்டை. மணிக்கணக்கில் கட்டிவைத்தால் புண்ணாகிவிடும். கழுத்து நனைந்திருக்கும்போதும் காய்ந்திருக்கும்போதும் உறைப்பு மாறும். ரிமோட்டில் காட்டும் எண்ணை மட்டும் நம்ப முடியாது. பிரிட்டனில் வேல்ஸ் 2010-இலேயே ஷாக் பட்டைகளைத் தடைசெய்துவிட்டது.

குட்டி விஷயத்தில் நண்பர் சொன்னதைக் கேட்காதீர்கள். ஆறு மாதத்துக்குக் கீழே போடக்கூடாது என்று தயாரிப்பாளர்களே எழுதுகிறார்கள். நான்கு மாதக் குட்டிக்கு இப்போது பார்க்கிற எல்லாமே புதிது, இந்த வயதில் பட்ட பயம் எளிதில் போகாது. ஈரலும் விசிலும் அதற்கு இன்றைக்கே தொடங்கலாம். பெரியவன் துரத்தும்போது அதைப் பக்கத்தில் வைத்திருக்காதீர்கள், பார்த்தே கற்றுக்கொண்டுவிடும். பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேட்டு, குட்டியை நாடாவோடு அவருடைய ஆடுகளுக்குப் பக்கத்தில் தினமும் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள். அது ஆட்டைப் பொருட்படுத்தாமல் உங்கள் முகத்தைப் பார்த்தால் உடனே ஒரு துண்டு கொடுங்கள்.

அன்புடன்