மக்கள் 'வேண்டாம்' என்று சொன்ன பிறகும் மறுபடி வாக்கெடுப்பு நடத்துவது நியாயமா?

நடத்தலாம். ஆனால் இரண்டாம் முறை கேட்கும்போது மக்கள் முன்னால் வைக்கும் சரக்கு மாறியிருக்க வேண்டும். டென்மார்க் கதை இதற்கு நல்ல உதாரணம்.

ஐரோப்பிய ஒன்றியத்தையும் பொது நாணயத் திட்டத்தையும் கொண்டுவந்த மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை அப்போதைய 12 உறுப்பு நாடுகளும் ஏற்றால்தான் அது செல்லும். டென்மார்க் அரசியல் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, அதிகாரத்தை இப்படி வெளி அமைப்புக்கு விட்டுக்கொடுக்க நாடாளுமன்றத்தில் ஆறில் ஐந்து பங்கு ஆதரவு வேண்டும். 179 பேரில் 150 பேர். கிடைத்தது 130தான். அதனால் விஷயம் மக்களிடம் போனது. 1992 ஜூன் 2 அன்று 50.7 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். பெரிய கட்சிகள் எல்லாம் 'ஆம்' பக்கம் நின்றும் இதுதான் முடிவு.

டிசம்பரில் எடின்பரோவில் பேரம் பேசி நான்கு விஷயங்களில் ஒப்பந்தம் டென்மார்க்கைக் கட்டுப்படுத்தாது என்று விலக்கு வாங்கினார்கள்: பொது நாணயம், பாதுகாப்பு, நீதி மற்றும் உள்துறை, ஒன்றியக் குடியுரிமை. 1993 மே மாதம் நடந்த மறு வாக்கெடுப்பில் 56.7 சதவீதம் 'ஆம்'. அன்றிரவே கோபன்ஹேகனின் நோரெப்ரோ பகுதியில் கலவரம், போலீஸ் துப்பாக்கிச் சூடு. ஆக, எல்லோரும் சமாதானமாகிவிடவில்லை.

அந்த விலக்குகள் வெறும் கண்துடைப்பும் இல்லை. 2000இல் பொது நாணயமான யூரோவுக்கு மக்கள் மறுபடி மறுப்புச் சொன்னார்கள். இன்றும் அங்கே சொந்த நாணயமான குரோன்தான். பாதுகாப்பு விலக்கை, உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, 2022இல் அவர்களே வாக்களித்து நீக்கினார்கள்.

அயர்லாந்து விஷயத்தில்தான் எனக்கு உறுத்தல். 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளைத் திருத்தும் லிஸ்பன் ஒப்பந்தத்தை 53.4 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். ஒப்பந்த வாசகம் அப்படியே இருக்க, சில உத்தரவாதங்களை மட்டும் சேர்த்து மறு ஆண்டே கேட்டார்கள். இடையில் பொருளாதாரம் சரிந்திருந்தது, 67.1 சதவீதம் 'ஆம்' விழுந்தது.

அதைவிட மோசம் பிரான்ஸ். 2005இல் ஐரோப்பிய அரசியல் சட்டத்தை 54.7 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். அதன் பெரும்பகுதி லிஸ்பன் ஒப்பந்தமாகத் திரும்பி வந்தபோது, 2008இல் நாடாளுமன்றத்திலேயே கதையை முடித்துவிட்டார்கள். 27 நாடுகளில் லிஸ்பனை மக்கள் வாக்குக்கு விட்டது அயர்லாந்து மட்டும்தான்.