அதிகாரி எழுந்து வெளியே போகும் நேரம்

கேள்வி: சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். பழங்குடி மக்களின் அறிவையும் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். அதில் கற்க என்ன இருக்கிறது?
– வாசகி, கோவை

பதில்: நிறைய இருக்கிறதம்மா. நியூசிலாந்தின் பழங்குடிகளான மாவோரி மக்களின் குழந்தைகள் பலரை அரசு குடும்பத்திலிருந்து பிரித்து விடுதிகளில் வளர்த்தது. மாவோரிப் பெரியவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். 1989இல் புதுச் சட்டம் வந்தது. இப்போது குழந்தைக்குச் சிக்கல் என்றால் பாட்டி, சித்தப்பா, அத்தை என உறவே கூடுகிறது. அதிகாரிகள் விவரம் சொல்லிவிட்டு வெளியே போகிறார்கள். குடும்பம் தனியாகப் பேசி ஒரு திட்டம் போடுகிறது. அதற்கு அதிகாரிகளும் ஒப்ப வேண்டும், சரி. ஆனாலும் அந்த வெளியே போவதுதான் பெரிய பாடம். பதினெட்டு வருடம் வகுப்பெடுத்தேன். என் மாணவர்களுக்குப் பேசத் தெரியும், எழுந்து போகத்தான் மனம் வராது. களப்பணியின் முதல் நாள் படிவத்தை நீட்டாதீர்கள். பாட்டியிடம் உட்கார்ந்து, சொந்தம் யார் யார் என்று கேளுங்கள்.