மண் அணைக்கும் கை

அன்புள்ள ஐயா,

கிரேக்கப் பானை ஓவியங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் தேடியபோது எக்ஸேகியாஸ் என்ற கிரேக்கப் பானை ஓவியர் வரைந்த அயாஸின் படம் கிடைத்தது. யாரோ குனிந்து நாற்று நடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் அவன் விழுந்து சாவதற்காகத் தன் வாளைத் தானே மண்ணில் நடுகிறான் என்பது புரிந்தது. ட்ராய்ப் போரில் அக்கிலீஸுக்கு அடுத்த பெருவீரன் என்கிறார்கள். எத்தனையோ வெற்றிகள் இருக்க இதை ஏன் வரைய வேண்டும்? கோழைத்தனத்துக்கு இவ்வளவு அழகு எதற்கு? நம் வடக்கிருத்தலோடு இதை ஒப்பிடலாமா?

எம்.

*

அன்புள்ள எம்.,

நாற்று நடுவதாக உங்களுக்குத் தோன்றியது பிழையில்லை. நான் சொல்ல நினைப்பதில் பாதி அதிலேயே இருக்கிறது.

முதலில் கதை. ஹோமரின் இலியட் காவியம் ட்ராயின் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுவதால் அயாஸின் சாவு அதில் இல்லை. பின்னால் நடப்பது இது. அக்கிலீஸ் சாகிறான். போர்க்களத்திலிருந்து அவன் உடலைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறவன் அயாஸ். இறந்தவனின் கவசம் யாருக்கு என்ற போட்டியில் அது இன்னொரு கிரேக்கத் தலைவனான ஒடிஸியஸுக்குப் போகிறது. அவமானம் தாங்காமல் இரவில் தலைவர்களைக் கொல்லக் கிளம்பும் அயாஸின் புத்தியை அதீனா தேவி கலக்கிவிடுகிறாள். எதிரிகள் என்று நினைத்து அவன் வெட்டிச் சாய்ப்பதெல்லாம் ஆடுமாடுகள். புத்தி தெளிந்து பார்க்கும்போது ரத்தத்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறான்.

இந்தச் சாவை எக்ஸேகியாஸுக்கு முன்பும் வரைந்திருக்கிறார்கள். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில், கி.மு. 600 வாக்கில் கொரிந்தில் செய்யப்பட்ட ஒயின் கலக்கும் பாத்திரம் ஒன்று உண்டு. அதில் அயாஸ் ஏற்கனவே வாளின் மேல் விழுந்து கிடக்கிறான், இரண்டு பக்கமும் ஒடிஸியஸும் டயோமிடிஸ் என்ற இன்னொரு கிரேக்க வீரனும் நிற்கிறார்கள். செய்தி சொல்வது போன்ற படம். ‘செத்துப்போனான், பார்த்தவர்கள் இவர்கள்’, அவ்வளவுதான்.

எக்ஸேகியாஸ் அதிலிருந்து விலகிப் போகிறார். நீங்கள் பார்த்த ஜாடி கி.மு. 530 வாக்கில் செய்யப்பட்டது. இப்போது பிரான்சின் வடகரையில், பூலோன்-சுர்-மேர் நகரின் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சாட்சிகள் யாரும் கிடையாது. ஒரு பக்கம் பனைக் குலத்து மரம் ஒன்று. மறுபக்கம் கழற்றி வைத்த கேடயம், அதன்மேல் தலைக்கவசம். நடுவில் மலை போன்ற உடம்பை மடக்கிக் குந்தியிருக்கிறான் அயாஸ். வாளின் பிடியை மண்ணில் புதைத்தாகிவிட்டது. ஒரு கையால் வாளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சுற்றிலும் மண் அணைக்கிறான். கன்றுக்கு மண் அணைக்கும் அதே பக்குவம். செடி சாயக்கூடாது என்று நாம் அமுக்குவது போல, வாள் சாயக்கூடாது என்று அமுக்குகிறான். ஆத்திரத்தில் தன்னை மறந்து செய்கிறவனின் கை அப்படி இருக்காது. இரவில் பித்தேறி மாடுகளை வெட்டிய அதே கை இப்போது முழு நிதானத்துக்கு வந்துவிட்டது, அதுதான் என்னைக் கலங்கடிக்கிறது.

முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இந்தப் பாணியில் உருவத்தைக் களிமண் குழம்பால் தீட்டிவிட்டு, சூளைக்குப் போகும் முன் கூரான முனையால் கீறித்தான் உள்கோடுகளைக் கொண்டுவருவார்கள். கீறியதை அழிக்க முடியாது. அப்படிக் கீறிய கோடுகளில்தான் அயாஸின் நெற்றிச் சுருக்கம் தெரிகிறது. அந்தக் காலத்துப் பானைகளில் வீரர்களின் முகங்களுக்குப் பெரும்பாலும் உணர்ச்சியே இருக்காது. சிரிக்கிறானா, அடிபட்டானா என்பதை உடம்பை வைத்துத்தான் சொல்ல வேண்டும். இங்கே நெற்றியில் விழுந்த அந்தச் சில கீறல்கள் ஒரு மனிதனை உள்ளே கொண்டுவந்து வைத்துவிடுகின்றன. எதிரே ஆளில்லாத தலைக்கவசம் கண்துளைகளோடு அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கேடயம் தள்ளி இருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். இலியட்டில் அயாஸ் என்றால் கேடயம்தான். ஏழு மாட்டுத்தோல் அடுக்கி வெண்கலம் போர்த்திய கேடயம். அவன் தம்பி ட்யூக்கர் வில்லாளி. கேடயத்துக்குப் பின்னாலிருந்து எட்டி அம்பு விட்டுவிட்டு, குழந்தை அம்மாவிடம் ஓடுவது போல அதற்குள் வந்து ஒளிந்துகொள்வான் என்கிறார் ஹோமர். மகனுக்கு வைத்த பெயர் யூரிசாகெஸ், ‘அகன்ற கேடயம்’. பிறரை மறைத்துக் காப்பதே வாழ்க்கையாக இருந்தவன் தன்னைக் காக்க அதை எடுக்கவில்லை. அந்த வாளும் அவனுடையதல்ல. இருட்டும்வரை ஹெக்டரோடு தனியாகப் பொருது, வெற்றி தோல்வி இல்லாமல் பிரிந்த அன்று, மரியாதைக்காக ஹெக்டர் கொடுத்த பரிசு அது. எதிரி கொடுத்த வாளே எமனாகிவிட்டதை கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளீஸ் ‘அயாஸ்’ என்ற தன் நாடகத்தில் அயாஸின் வாயாலேயே சொல்லவைக்கிறார்.

அதே நாடகத்தில் இன்னொரு இடம் உண்டு. கிரேக்கத்தில் ‘அய் அய்’ என்பது துக்க ஓலம், நம் ‘ஐயோ’ மாதிரி. என் பெயரே என் ஓலமாகும் என்று யார் நினைத்திருப்பார்கள் என்று கேட்கிறான் அயாஸ்.

கோழைத்தனமா என்று கேட்டீர்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அதைச் சரி என்றும் சொல்ல மாட்டேன். நாடகத்தில் அயாஸின் துணைவி டெக்மெஸ்ஸா, நீ போய்விட்டால் நானும் உன் மகனும் அடிமைகளாவோம் என்று கெஞ்சுகிறாள். அதற்கு அயாஸிடம் பதில் இல்லை. ஆனால் அவன் வீழ்ச்சியைப் பார்த்துச் சிரிக்கும்படி அதீனா அழைக்கும்போது, போட்டியில் ஜெயித்த ஒடிஸியஸே மறுக்கிறான். என் எதிரிதான், ஆனாலும் இரக்கம் வருகிறது, அவன் நிலையில் என் நிலையையே பார்க்கிறேன் என்கிறான். எக்ஸேகியாஸின் ஓவியமும் நம்மை அங்கேதான் நிறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

வடக்கிருத்தல் விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. நாணம் என்ற வேர் ஒன்றுதான். புறப்புண் நாணி வாளோடு வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனைப் பாடும் புறநானூற்று 65ஆம் பாட்டு ‘மண்முழா மறப்ப, பண் யாழ் மறப்ப’ என்று தொடங்குகிறது. அவனுக்காக ஊரே ஒலியடங்குகிறது. வடக்கிருத்தல் ஊரறிய நடப்பது, புலவனும் நாடும் உடனிருக்கும் சாவு. அயாஸுக்கு ஒரு மரம்தான் துணை.

எக்ஸேகியாஸ் இவனை இன்னொரு ஜாடியிலும் வரைந்திருக்கிறார். அது வத்திக்கானில் இருக்கிறது. அதில் அக்கிலீஸும் அயாஸும் எதிரெதிரே உட்கார்ந்து பலகையில் ஏதோ விளையாடுகிறார்கள். அக்கிலீஸின் வாயருகே ‘நான்கு’ என்றும் அயாஸின் வாயருகே ‘மூன்று’ என்றும் எழுதியிருக்கிறது. இரண்டு ஜாடிகளின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளையாட்டிலும் அவன் ஒன்று குறைவாகத்தான் பெறுகிறான்.

நீங்கள் தேடத் தொடங்கிவிட்டதால் இன்னும் ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகத்தில், பிரைகோஸ் ஓவியர் என்று அறியப்படுபவர் வரைந்த ஒயின் கிண்ணம் ஒன்று இருக்கிறது. கி.மு. 490 வாக்கில் செய்தது. வெளிப்புறத்தில் கவசத்துக்கான சண்டையும் வாக்கெடுப்பும். உட்புறத்தில், கிண்ணத்தின் அடியில், மல்லாந்து கிடக்கிறான் அயாஸ். டெக்மெஸ்ஸா இரண்டு கைகளாலும் துணியை விரித்தபடி அவனை மூட வருகிறாள். கிண்ணம் நிறைய ஒயின் இருக்கும்வரை அந்த ஓவியம் கண்ணில் படாது. குடிக்கக் குடிக்க உடல் வெளியே தெரியும், அவளோ மூடிக்கொண்டே இருப்பாள்.