ஆலய மண்டபத்தில் வீடற்றோரைத் தங்கவைக்கும் முன்

கேள்வி: கிழக்கு லண்டனில் ஒரு தமிழ்ச் சபையின் செயலராக இருக்கிறேன். ஆங்கிலேயச் சபை ஒன்றின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஞாயிறு மாலை ஆராதனை நடத்துகிறோம். குளிர்காலத்தில் வாரம் ஓர் இரவு வீடற்றோர் பன்னிரண்டு பேரை அங்கே தங்கவைக்க எங்கள் வாலிபர்கள் ஆர்வமாக இருக்கிறார்கள். மெத்தை வாங்கப் பணமும் சேர்ந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மெத்தையை இப்போது வாங்காதீர்கள். தங்குமிடம் நடத்துவதில் ஆக எளிதான வேலை அதுதான். யாரை உள்ளே விடுவது, இரவில் யார் விழித்திருப்பது, காலையில் அவர்கள் எங்கே போவது என்ற மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு ஒரே மாலையில் வாங்கிவிடலாம்.

வாரம் ஓர் இரவு மட்டும் தனியாக நடத்தினால் மற்ற ஆறு இரவுகளும் அவர்களுக்குத் தெருதான். அதனால்தான் இங்கே சுழற்சி முறை வந்தது. ஏழு ஆலயங்கள் சேர்ந்து ஆளுக்கோர் இரவை எடுத்துக்கொள்கின்றன. அதே பன்னிரண்டு, பதினைந்து பேர் திங்கள் ஓர் ஆலயத்திலும் செவ்வாய் அடுத்ததிலும் தூங்குகிறார்கள். பெயரெழுதிய படுக்கைப் பைகள் வேனில் பின்னால் வருகின்றன. மேற்கு லண்டனில் கிளாஸ் டோர் அமைப்பு இப்படி ஆலயங்களை இணைத்துத்தான் வளர்ந்தது. உங்கள் பகுதியில் யார் நடத்துகிறார்கள் என்பதை ஹவுசிங் ஜஸ்டிஸ் என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்திடம் கேளுங்கள். இத்தகைய தங்குமிடங்களுக்கு வழிகாட்டுவதே அவர்கள் வேலை. அக்கம்பக்கத்தில் ஒரு சுழற்சி ஏற்கெனவே இருந்தால் அதில் சேருங்கள். புதிதாகத் தொடங்கும் ஆசையை ஓராண்டாவது தள்ளிவைக்கலாம்.

உங்கள் வட்டாரக் கவுன்சிலில் (உள்ளூராட்சியில்) தெருவில் உறங்குவோருக்கான அதிகாரியையும் முன்பே பார்த்துப் பேசுங்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது பொதுக்கூடத் தங்குமிடங்கள் எல்லாம் மூடப்பட்டு, மக்கள் ஓட்டல் அறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். ஓர் அறையும் சாவியும் கிடைத்தவர்கள் எவ்வளவு தேறினார்கள் என்பதை அப்போது பலரும் நேரில் கண்டோம். அதன்பின் பல தங்குமிடங்கள் தனியறைக்கு மாறிவிட்டன. மண்டபத் தரையில் வரிசையாகப் படுக்க வைப்பதைச் சில கவுன்சில்கள் இன்று விரும்புவதில்லை. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அறை கிடைக்காத இரவில் தெருவைவிட மண்டபம் மேல் என்பதும் நியாயமே.

அடுத்தது கட்டடம். மண்டபம் உங்களுடையது அல்ல, எனவே உரிமையாளரான சபையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். ஆராதனைக்கும் ஐக்கிய விருந்துக்கும் செய்த தீ அபாய மதிப்பீடு, ஆட்கள் தூங்கும் இரவுக்குப் போதாது. 2005ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்பு ஆணைப்படி அதைத் தனியாகச் செய்யவேண்டும். போய்ப் பாருங்கள்: பின்கதவின்முன் நாற்காலிகள் அடுக்கியிருக்கும், தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கும். கொதிகலன் அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். விடியும்வரை இருவர் விழித்திருக்கவேண்டும், "விழித்திருப்போம்" என்று சொல்லிவிட்டுச் சோபாவில் சாய்பவர்கள் கணக்கில் சேரமாட்டார்கள். மாலை, இரவு, காலை என்று மூன்று அணிகள் பிரித்தால் ஒரே இரவுக்குப் பதினைந்து தொண்டர்களாவது தேவை. வாலிபர்களின் ஆர்வம் பிப்ரவரியிலும் இருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசலில் வருகிறவரையெல்லாம் உள்ளே விடுவது அன்பாகத் தோன்றும். லண்டனில் மட்டும் 2024-25இல் 13,231 பேர் தெருவில் உறங்கியதாகப் பதிவாகியிருக்கிறது. பன்னிரண்டு இடத்துக்கு முப்பது பேர் வரிசையில் நின்றால் தள்ளுமுள்ளு நடக்கும், மெலிந்தவரும் பெண்களும் முதலில் விலகிப் போய்விடுவார்கள். ஆகவே வீடற்றோருக்கான பகல் மையமோ, கவுன்சிலோ, தெருப் பணியாளரோ பேசிப் பார்த்துப் பரிந்துரைத்தவர்களை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். நேரில் வருபவரை வெறுங்கையோடு அனுப்பவேண்டாம். சூடான தேநீர் கொடுத்து, தெருவில் உறங்குவோரைப் பற்றித் தகவல் தரும் ஸ்ட்ரீட்லிங்க் சேவையில் அவர் தூங்கும் இடத்தைப் பதிவுசெய்துவிட்டு, மறுநாள் போகவேண்டிய மையத்தின் முகவரியை எழுதிக் கொடுங்கள்.

விதிகளைக் குறைவாக எழுதி, எழுதியதைக் கடைப்பிடியுங்கள். இரவு பதினொன்றுக்குமேல் வெளியே போனால் திரும்ப வரமுடியாது என்று எழுதுவது சுலபம். அதிகாலை மூன்று மணிக்கு ஒருவர் புகைக்க எழுந்து போகிறார், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு டிகிரி. கதவைச் சாத்துவீர்களா? சாத்தமாட்டீர்கள். அப்படியானால் அந்த விதியை எழுதாதீர்கள், தொண்டர் கண்பார்வையில் புகைக்க ஓர் இடம் வையுங்கள். குடித்துவிட்டு வந்தவரை உள்ளே விடலாம், உள்ளே குடிக்க விடக்கூடாது. அடிதடி, மிரட்டல் என்றால் பேச்சே இல்லை: காவல்துறைக்கு அழைப்பு.

சமையலைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்போம். சொல்லத்தான் வேண்டும். வாரந்தோறும் உணவு கொடுக்கும் குழு, 28 நாட்களுக்கு முன்பே கவுன்சிலில் பதிவு செய்யவேண்டும். சட்டம் குறிப்பிடும் 14 ஒவ்வாமைப் பொருட்களில் எது எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்று எழுதி ஒட்டவேண்டும். தெருவில் நாளாக இருப்பவர்களுக்குப் பல் கெட்டிருக்கும், வயிறு புண்ணாயிருக்கும். காரத்தைப் பாதிக்கும் கீழே குறையுங்கள், எலும்போடு கறி வேண்டாம். எரித்ரிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளியிலும் தவசு காலம் முழுவதும் இறைச்சி, பால், முட்டை தொடமாட்டார்கள். நெய் விடாத குழைந்த சாம்பார் சாதம் அவர்களுக்குப் பாந்தமாக அமையும்.

பணத்துக்கு வருகிறேன். சேர்ந்ததில் பெரும்பகுதியைப் பகல் வேலைக்கு ஒதுக்குங்கள்: பயண அட்டை, அடையாள ஆவணக் கட்டணம், வாடகை முன்பணம். 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வீடின்மைக் குறைப்புச் சட்டப்படி, தகுதியுள்ள வீடற்றவர் எவருக்கும் கவுன்சில் உதவித் திட்டம் வகுத்துத் தரவேண்டும். ஆனால் உடனடியாக அறை கிடைப்பது குழந்தை உள்ளவர், கர்ப்பிணி, நோயால் நலிந்தவர் போன்ற முன்னுரிமைப் பிரிவினருக்குத்தான். தனியாள், திடகாத்திரமானவர் என்றால் திட்டம் காகிதத்தில் நிற்கும். பொதுநிதி உதவி பெற உரிமையில்லாத விசாவில் இருப்பவருக்கு அதுவும் கிடையாது. இவர்களோடு கவுன்சில் அலுவலகத்துக்கும் குடியேற்ற வழக்கறிஞரிடமும் கூடப்போய் உட்கார ஓர் ஆலோசகர் இல்லையென்றால், மார்ச் கடைசியில் நீங்கள் மூடும்போது அதே தெருவுக்குத்தான் திரும்புவார்கள்.

வருகிறவர்களில் தமிழரும் இருப்பார்கள். அகதி அந்தஸ்து கிடைத்த சில வாரங்களுக்குள் உள்துறை அமைச்சக விடுதியைக் காலிசெய்யவேண்டியிருப்பதால், நல்ல செய்தி வந்த கையோடு வீதிக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவரிடம் எந்த ஊர், யார் பிள்ளை என்று கேட்கத் தொடங்காதீர்கள். பரிமாறுகிறவர் ஊர்க்காரராக இருந்துவிட்டால் பலர் கூசி, மறுவாரம் வராமலே நின்றுவிடுவார்கள். உங்கள் இரவில் மட்டும் வேறிடத்தில் தங்க அவர் விரும்பினால் சுழற்சியின் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி ஏற்பாடு செய்யுங்கள். வழக்குப் பேச்சுக்குத் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை வழக்கறிஞர் அலுவலகம் அழைக்கட்டும், சபையார் அந்த இடத்தில் உட்காரவேண்டாம். ஜெபக் குறிப்பு என்ற பெயரில்கூட அவர் பெயரோ படமோ சபையின் வாட்ஸ்அப் குழுவுக்கு வரக்கூடாது.