பிரீமியர்ஷிப் கழகம் ஒப்பந்தம் தருகிறது: மகன் கையெழுத்திடலாமா?

கேள்வி: நாங்கள் லண்டன் ஹாரோவில் வசிக்கிறோம். 17 வயதாகும் எங்கள் மகன் ரக்பி யூனியனில் ப்ராப் எனப்படும் முன்வரிசை இடத்தில் ஆடுகிறான். ஏ லெவல் தேர்வு முடிந்ததும் அகாடமியில், அதாவது இளையோர் பயிற்சிப் பிரிவில், முழுநேர ஒப்பந்தம் தருவதாக, இங்கிலாந்தின் உயர்மட்டப் போட்டியான பிரீமியர்ஷிப்பில் ஆடும் ஒரு கழகம் கூறியிருக்கிறது. பொறியியல் படிப்பை விட்டுவிட்டு அதில் சேரத் துடிக்கிறான். கண்டியில் பள்ளிக் காலத்தில் ரக்பி ஆடிய அவன் அப்பாவுக்குப் பெருமை, எனக்குப் பயம். இதை ஒரு தொழிலாக நம்பலாமா? இங்கே வாய்ப்புக் கிடைக்காவிட்டால் இலங்கைக்காக ஆட முடியுமா?

பதில்: ஒப்பந்தத்தை ஏற்கலாம், பல்கலைக்கழக இடத்தை இழந்து ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ரக்பி யூனியன் ஊதியம் பெறும் ஆட்டமானது 1995 ஆகஸ்டில்தான். இங்கிலாந்தின் உயர்மட்டப் போட்டியில் இன்று இருப்பவை 10 கழகங்கள் மட்டுமே. 2022இல் வூஸ்டர், வாஸ்ப்ஸ் ஆகிய இரண்டும், 2023இல் லண்டன் ஐரிஷும் கடன் சுமையால் போட்டியிலிருந்து வெளியேறின. முதல் இரண்டும் பருவத்தின் நடுவிலேயே விழுந்ததால், நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர்களும் ஒரே வாரத்தில் வேலையற்றவர்கள் ஆனார்கள். ஒரு கழகம் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய சம்பளத்துக்கு 64 லட்சம் பவுண்டு என்ற அடிப்படை உச்சவரம்பு இருக்கிறது. கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் அதில் பெரும்பகுதி நாட்டுக்காக ஆடும் சிலருக்கே போய்விடுவதால், அகாடமியிலிருந்து வரும் இளைஞனின் கைக்கு வருவது சிக்கனமாக வாழப் போதுமான பணமே.

இதில் உங்கள் மகனுக்குச் சாதகமான ஒன்று அவன் ஆடும் இடம். இரு அணிகளும் கட்டிப்பிடித்துக் குனிந்து பந்துக்காக ஒன்றையொன்று தள்ளும் ஸ்க்ரமின் முன்வரிசையில், எதிரணி எட்டுப் பேரின் தள்ளுதலைக் கழுத்திலும் முதுகிலும் தாங்கும் ப்ராப் வீரர்கள் தாமதமாகவே முதிர்கிறார்கள். மற்றவர்கள் ஓயும் வயதிலும் அவர்களுக்குத் தேவை இருக்கும். லெஸ்டர் அணியின் ப்ராப் டான் கோல் 2025இல் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 38. ஆனால் வேல்ஸ் அணித் தலைவராக இருந்த ஃபிளாங்கர் (ஸ்க்ரமின் பக்கவாட்டில் ஆடுபவர்) சாம் வார்பர்ட்டனைக் கழுத்து, முழங்கால் காயங்கள் 29 வயதிலேயே விலக வைத்துவிட்டன. தாமதமாக முதிர்வதன் மறுபக்கம், 18 முதல் 22 வயது வரை முதல் அணியில் அவன் பெயரை அதிகம் எதிர்பார்க்க முடியாது என்பது. இரண்டாம் நிலைக் கழகம் ஒன்றுக்குத் தற்காலிகமாக ஆட அனுப்பினால் அதை இறக்கமாக நினைக்காதீர்கள்; முப்பது வயது ப்ராப்களிடம் அடிபட்டுத்தான் ஸ்க்ரம் கைவரும்.

இனி ஒப்பந்தம். அவனுக்கு இன்னும் 18 ஆகாததால் பெற்றோராகிய நீங்கள் ஒவ்வொரு வரியையும் படித்தே ஆக வேண்டும். எத்தனை ஆண்டுகள், நீட்டிப்பா முடிவா என்பதை எந்தத் தேதிக்குள் சொல்வார்கள், நீண்ட நாள் காயம் ஏற்பட்டால் எத்தனை மாதம் வரை முழுச் சம்பளம், அதன்பின் கழகம் விலக்க முடியுமா, அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய மறுவாழ்வுச் செலவு யாருடையது ஆகியவற்றுக்கு எழுத்தில் பதில் பெறுங்கள். முகவர் ஒருவர் வந்தால் அவர் இங்கிலாந்து ரக்பி ஒன்றியத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். வீரர்களின் தொழிற்சங்கத்திடமும் கருத்துக் கேளுங்கள். அகாடமி மேலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கழகத்தின் ஆள்.

உங்கள் பயம் பெரும்பாலும் தலையில் படும் அடியைப் பற்றியதாக இருக்கும்; அது நியாயமான பயம். 2003இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தாம்ப்சன், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறதி நோய் கண்டறியப்பட்டவர். இன்று நடைமுறை கடுமையாகியிருக்கிறது. உயர்மட்ட ஆட்டத்தில் சந்தேகத்துக்குரிய அடி பட்டவரை வெளியே அழைத்து, 12 நிமிடத்துக்குள் சொற்பட்டியல் ஒன்றை நினைவிலிருந்து சொல்லச் செய்வார்கள். எண்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லச் செய்வார்கள். குதிகாலும் கால்விரலும் ஒட்ட ஒரே கோட்டில் நடக்கச் சொல்வார்கள். மூளை அதிர்ச்சி உறுதியானால் பெரும்பாலோர் 12 நாட்களுக்கு முன் ஆடத் திரும்ப முடியாது. இவ்வளவு இருந்தும், அணியில் இடம் போய்விடும் என்று தலைவலியை மறைக்கும் இளைஞர்களை இந்தச் சோதனைகள் எப்போதும் பிடித்துவிடுவதில்லை. வீட்டில் வெளிச்சம் கூசுகிறது என்கிறானா, காரணமின்றி எரிந்து விழுகிறானா, தூக்கம் கெடுகிறதா என்று கவனித்துக் கழக மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அவன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

படிப்பைப் பற்றி உங்கள் வீட்டில் ‘இதுவா அதுவா’ என்ற வாக்குவாதம் நடப்பதாகத் தெரிகிறது. உங்கள் ஊரிலுள்ள ஹாரோ பள்ளியில் படித்த மாரோ இட்டோஜே, சரசன்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டே சோவாஸ் கல்லூரியில் அரசியல் பட்டம் பெற்றார். 2025இல், பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் சிறந்த வீரர்கள் சேர்ந்த பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணிக்குத் தலைமை தாங்கினார். வேல்ஸின் ஜேமி ராபர்ட்ஸ் கூடுதல் ஆண்டுகள் எடுத்து 2013இல் மருத்துவரானார். ஆனால் ஆய்வுக்கூடமும் வருகைப் பதிவும் கொண்ட பொறியியல், முழுநேரப் பயிற்சியோடு எளிதில் ஒத்துப்போகாது. பொதுவாகத் திங்கட்கிழமை முந்தைய ஆட்டத்தின் காணொளியும் எடைப் பயிற்சியும், செவ்வாய் கடும் மோதல் பயிற்சி; பல கழகங்களில் புதன்தான் விடுப்பு, அதுதான் புத்தகத்துக்குக் கிடைக்கும் நாள். ஆகவே இடத்தை ஓராண்டு ஒத்திவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள். பிறகு ஓப்பன் யுனிவர்சிட்டியில் பகுதிநேரப் பொறியியல் என்ற வழியும் இருக்கிறது. படித்துக்கொண்டே ஆடக் கழகம் ஒப்புக்கொள்ளாவிட்டால், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ரக்பி யூனியன் போட்டியில் ஆடிப் பின்னர் வரலாம். ஹார்லிக்வின்ஸின் அலெக்ஸ் டாம்பிராண்ட் அப்படித்தான் கார்டிஃப் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்திலிருந்து நேரே பிரீமியர்ஷிப்புக்கு வந்தார். ப்ராப் வீரனுக்கு அந்த மூன்றாண்டுத் தாமதம் பெரிய இழப்பே அல்ல.

இலங்கைக்காக ஆடுவதைப் பொறுத்தவரை, பெற்றோரோ தாத்தா பாட்டியோ அங்கே பிறந்திருந்தால் அவனுக்குத் தகுதி உண்டு. இங்கிலாந்தின் 18 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடுவது அதைப் பறிக்காது. இங்கிலாந்தின் முதன்மை அணிக்கு ஒருமுறை ஆடிவிட்டால், மூன்று ஆண்டுகள் சர்வதேச ஆட்டம் எதுவும் ஆடாமல் இருந்த பிறகே, அதுவும் ஒரே ஒருமுறை, நாடு மாற முடியும். இலங்கைச் சட்டை அவன் அப்பாவை மகிழ்விக்கும். அதைச் சம்பளக் கணக்கில் சேர்க்காதீர்கள்.